தனி ஆளுக்கு ரூம் இல்லை

ஒத்தையிலதான் வந்தேன் தாயி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்ததும் நீயும் கேட்டுட்டியா? தப்பா நெனைக்கல, கேளு. நாலு நாளா இந்தக் கன்னியாகுமரிச் சீமையில என்னய அதைக் கேக்காத ஆளு கெடையாது. டீக்கடைக்காரன் கேக்குறான், பூக்காரி கேக்குறா, செருப்புப் பாத்துக்கிற ஆளு டோக்கனக் குடுத்துக்கிட்டே கேக்குறான். "ஒத்தையிலயா வந்தீங்க? கூட யாரும் வரலையா?" ஆமா, ஆமான்னு சொல்லிச் சொல்லி வாயி அசந்து போச்சு. சுத்திப் பாக்க வந்தவளுக்குக் காலுதான வலிக்கணும். எனக்கு வாயி வலிக்குது.

என் பேரு ராஜாமணி. சாத்தூரு. எங்க வீட்டுக்காரக உரக்கடை வச்சிருக்காக. ரெண்டு மகன், ரெண்டு மருமக, பேரப்பிள்ளைக. கொழுந்தனாரு ஒருத்தரு கல்யாணமே வேண்டாம்னு எங்ககூடவே இருக்காரு. அம்புட்டுப் பேருக்கும் ஒரே அடுப்பு. அந்த அடுப்புக்கு நான். குறையாச் சொல்லல. மருமகளுக நல்ல பிள்ளைகதான், ரெண்டும் வேலைக்குப் போகுதுக, வந்ததும் அசந்து விழுந்துருதுக. ஆனா பாரு, நான் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள்ள வந்ததுல இருந்து ஒத்தையில இருந்த நேரம்னு ஒண்ணு கெடையாது. குளிக்கப் போனாக்கூடக் கதவத் தட்டி, "சீனி எங்க வச்சிருக்க?"ம்பாக.

கன்னியாகுமரி போகணும்னு எங்க வீட்டுக்காரககிட்ட எத்தன வருசமாக் கேட்டிருப்பேன்! "கடலு எங்க ஓடியா போகப் போகுது, அங்கனதான் கெடக்கும், அடுத்த வருசம் பாப்போம்"பாக. கடலு ஓடாது, சரி. என் மூட்டு தேயிதுல்ல? அதான் இந்தத் தடவை கேக்கல, சொன்னேன். "நான் போயிட்டு வாரேன்"னேன். "போயிட்டு வா"ன்னாக, பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம. மார்க்கெட்டுக்குன்னு நெனச்சிருப்பாக. நான் திருநெல்வேலியில பஸ் மாறி ஏறும்போதுதான் போன் வருது. "எங்க இருக்க? பெருங்காய டப்பாவக் காணமே?"

நான் பெருசா ஒண்ணுக்கும் ஆசப்படல தாயி. ஒரு மணி நேரம். கடலுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நான் பாட்டுக்கு ஒத்தையில உக்காரணும். என்னய யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. "தண்ணி குடு" கூடாது, "எங்க வச்ச" கூடாது, "இன்னைக்கு என்ன வெஞ்சனம்" கூடாது. அம்புட்டுத்தான். அதுக்குத்தான் வந்தேன்.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. மொத லாட்ஜுல போயி நின்னேன். நெத்தி நெறையச் சந்தனம் வச்ச ஒரு ஆளு. "எத்தனை பேரும்மா?" "நான் ஒருத்திதான்." எழுத எடுத்த பேனாவ மூடி வச்சுட்டான். "தனி ஆளுக்கு ரூம் இல்லம்மா." அடுத்த லாட்ஜுலயும் அதே பாட்டு. மூணாவது லாட்ஜுல எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. "ஏன்யா, நாலு பேரு படுக்கிற எடத்துல நான் ஒருத்தி படுத்தா உன் கட்டிலு தேஞ்சா போயிரும்? வாடகை முழுசாத்தான தாரேன்?" அந்த ஆளு தலையச் சொறிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொல்றான், "கோவிச்சுக்காதீங்கம்மா. ஒத்தையில வாறவங்கள்ல சில பேரு திரும்பிப் போறதுக்கு வாறதில்ல. பொறவு போலீசு, கேசுன்னு அலையிறது நாங்கதான்."

எனக்கு ஒரு நிமிசம் வெளங்கல. வெளங்குனதும் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சு முடிக்குமுன்ன கோவம் வந்துச்சு. "யோவ், சாகப் போறவ எவளாவது அஞ்சு மாத்துச் சேலையும் ரெண்டு கிலோ சாத்தூர் சேவும் கட்டிக்கிட்டு வருவாளா?"ன்னேன். "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா"ங்கிறான். அங்கனயே ஒரு சத்தியம் பண்ணிக்கிட்டேன் தாயி. இனி என் ஆயுசுக்கும் ஒருத்தரப் பாத்து "ஏன் ஒத்தையில வந்த"ன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா என் நாக்கு அழுகிப் போகட்டும்.

பொறவு ஒரு பூக்காரிதான் வழி சொன்னா. முட்டம் போற பாதையில ஒரு கடலோர ஊரு, அங்க ரோஸ்லெட்டுன்னு ஒரு அம்மா வீட்டு மாடியில ரூம் விடுறா, போயிக் கேளுன்னா. போனேன். ரோஸ்லெட்டு என்னய மேலயும் கீழயும் பாத்தா. "எதுக்கு வந்திய அக்கா?" "கடல் பாக்க." "வீட்டுல சொல்லிட்டுத்தான வந்திய?" "சொல்லிட்டுத்தான் வந்தேன்." "சண்டை சத்தம் ஒண்ணும் இல்லையே?" "என் வீட்டுல சண்டை போட எனக்கு ஏதுத்தா நேரம்?"ன்னேன். அதுக்குப் பொறவுதான் சாவியத் தந்தா.

நல்ல ரூமுதான். ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல. கழட்டுன தடம் இருக்கு, ஆணி ஓட்டை இருக்கு, தாழ்ப்பாள் இல்ல. கேட்டா ரிப்பேருன்னா. மத்த ரூமுல எல்லாம் இருக்கு, எனக்கு வாச்சது அப்படி.

வந்து உக்காரல, கீழ இருந்து கூப்புடுறா. "அக்கா, சும்மாதான இருக்கிய, இந்த உள்ளியக் கொஞ்சம் உரிச்சுத் தாங்களேன்." சின்ன வெங்காயத்த அங்க உள்ளிங்கிறாக. உரிச்சேன். வாடகையும் குடுத்து வெங்காயமும் உரிச்ச பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறம் பாத்தா, மீன் கொழம்புக்கு அவ அரைச்ச தேங்கா நறநறன்னு கெடக்கு. நானே எந்திரிச்சு வாங்கி மையா அரைச்சுக் குடுத்தேன். அவ கேக்கல. கேக்கலைன்னா? கண்ணு முன்னாடி நறநறன்னு கெடந்தா மனுசி எப்படிச் சும்மா இருக்க? மறுநாளுக் காலையில பூண்டு. சாயங்காலம் கீரை. மாடியில அஞ்சு நிமிசம் சேந்தாப்புல இருந்தா, "அக்கா, என்ன செய்யுறிய?"ன்னு படியேறி வந்துருவா. பாவம், அவளுக்கும் பேச்சுத்தொணைக்கு ஆளு இல்ல போல. புருசன் கப்பல்ல இருக்கானாம்.

ரெண்டாம் நாளு ஒரு ஆட்டோ பேசி விட்டா. ததேயுசுன்னு அவ சொந்தக்காரன், என் மூத்த மகன் வயசு இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனான். நீ பாத்திருக்கியா? ஆத்துக்கு மேல, ஆகாசத்துல, காவாத்தண்ணி போறதுக்கு ஒரு பாலம். பக்கத்துலயே நடக்க வழி. கீழ பாத்தா தென்னமரம் எல்லாம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரியுது. "நீ போயி வண்டியில இருய்யா, நான் பாத்துட்டு வாரேன்"ன்னேன். "இருக்கட்டும்மா, நானும் பாத்து நாளாச்சு"ன்னு கூடவே வாறான். நான் இந்தப் பக்கம் நடந்தா அவன் கைப்பிடிச் சுவருக்கும் எனக்கும் நடுவுல நடக்குறான். அந்தப் பக்கம் போனா அங்கயும் வாறான். மக நர்சுக்குப் படிக்கிறா, அவளுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கல, மச்சினனுக்குக் கொழும்புல வேலைன்னு ஓயாமப் பேச்சு. பாலத்துல பாதி, அவன் முதுகத்தான் பாத்தேன்.

வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டைமேல ஏறுனா ரெண்டு பக்கமும் கடலு. சரி, இங்கன உக்காந்துருவோம்னு நெனச்சேன். ததேயுசு சிப்ஸ் வாங்கப் போயிருந்தான். அந்த நேரத்துல கல்யாணப் போட்டோ எடுக்க ஒரு சோடி வந்துச்சு. அந்தப் பொண்ணு கட்டுன பட்டுச்சேலை இருக்கே, கொசுவம் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. போட்டோக்காரன் கடலையும் காத்தையும் பாக்குறானே தவிரக் கொசுவத்தப் பாக்கல. அப்படியே எடுத்தா ஆயுசுக்கும் அந்தக் கோணக் கொசுவம்ல சுவத்துல தொங்கும்? எந்திரிச்சுப் போயி அவுத்துக் கட்டி விட்டேன். பொறவு அந்தப் பொண்ணு என்னய விடல, "பெரியம்மா இந்தப் பின்னு, பெரியம்மா இந்தத் தலைப்பு"ன்னு. பொழுது போச்சு. எங்க போனாலும் எல்லாரும் என்னயவே வந்து பிடிக்கிறாக தாயி. என் மூஞ்சியில என்னதான் எழுதியிருக்கோ!

நடுவுல போனு வேற. "உளுந்து எந்த டின்னு?" "சின்னவனுக்கு இருமலு, அந்த மருந்து எங்க?" "மாவு புளிச்சுருச்சு, என்ன செய்ய?" அணைச்சு வைக்கலாம்தான். அணைச்சு வச்சா அங்க எல்லாரும் பட்டினிதான் கெடப்பாக. அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது.

நேத்துத்தான் கடைசி நாளு. முட்டம் கடற்கரை. ததேயுசுக்கு அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம், வர முடியல. ரோஸ்லெட்டும் அங்க போகணும். போகும்போது அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, சாயங்காலம் எனக்கு ஆப்பத்துக்கு மாவு கரைக்க நீங்கதான் வேணும், வந்துருவியதான?"ன்னு நாலு தடவை கேட்டா. வந்துருவேன், வந்துருவேன்னு அனுப்பி வச்சேன். அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. பஸ்ஸப் பிடிச்சு முட்டம் போயிட்டேன்.

அங்க பாறை பாறையாக் கெடக்கும். நம்ம பக்கத்துக் கரட்டுமலை மாதிரி, ஆனா கடலுக்குள்ள எறங்கி நிக்கும். கூட்டமெல்லாம் மணலுப் பக்கம். நான் பாறைக்கு அங்கிட்டுப் போயி ஒரு தட்டையான எடமாப் பாத்து உக்காந்துட்டேன். ஒருத்தரும் இல்ல. பொழுது எறங்குது. காத்து அடிக்குது. போனு கூட அடிக்கல. உக்காந்துட்டேன் தாயி, கடைசியில ஒருவழியா உக்காந்தாச்சு.

உண்மையச் சொல்லவா? கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. மடியில வச்சேன், பாறையில வச்சேன், பொறவு முந்தானையச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா இருக்கிறதும் பழகணும் போல. கொஞ்சம் பொறுத்துத்தான் உடம்பு எறங்குச்சு. தோளு எறங்குச்சு. ஏன்னு தெரியாம அழுகை கூட வந்துச்சு. வரட்டும், கேக்க ஆளில்லைன்னு விட்டேன்.

அப்பத்தான் பாக்குறேன், கீழ, அலை அடிக்கிற எடத்துல ஒரு பிள்ளை நிக்கிது. உன் வயசுதான் இருக்கும். செருப்பக் கழட்டி சோடியா வச்சு, அதுமேல போன வச்சு, துப்பட்டாவ நாலா மடிச்சு ஒரு கல்ல வச்சிருக்கு. அலைத் தண்ணி தெறிச்சுத் தெறிச்சு போனு நனையுது. எனக்கு வயிறு எரியுது. அம்புட்டு வெலை போனு! "ஏ பிள்ள, போனு நனையுது, எடு!"ன்னு கத்துறேன். திரும்பலையே. காத்துல காது கேக்கல போலன்னு நெனச்சேன்.

சரின்னு எறங்குனேன். பாறை வழுக்குது, மூட்டு இந்தா அந்தாங்குது. பக்கத்துல போனதும் எனக்கு அந்தச் சத்தியம் ஞாபகம் வந்துச்சு. ஏன் வந்த, எதுக்கு ஒத்தையில நிக்கிறேன்னு என்னய எல்லாரும் கேட்டு உசுர எடுத்த மாதிரி நான் கேக்கப் போறதில்ல. அந்தப் பிள்ளையும் என்னய மாதிரி ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டு வந்திருக்கும். போன எடுத்துக் குடுத்துட்டுப் போயிருவோம்னுதான் போனேன். ஆனா எறங்குன எனக்கு ஏற முடியல. "இந்தா பிள்ள, கையக் குடு, என்னய மேல ஏத்தி விடு"ன்னேன்.

திரும்பிப் பாத்துச்சு. நான் ஏதோ வேத்துப் பாஷை பேசுன மாதிரிப் பாத்துச்சு. "ஏத்தி விட்டுட்டு வந்து நில்லு, யாரு வேண்டாங்குறா? எனக்கு மூட்டுவலி"ன்னேன். கையக் குடுத்துச்சு. அம்மாடி, கையி சில்லுன்னு இருக்கு. ஏத்தி விட்டதும் திரும்பக் கீழ எறங்கப் பாத்துச்சு. நான் விடல. பின்ன, பையையும் செருப்பையும் போனையும் தூக்கிக்கிட்டு நான் எப்படி ரோடு வரைக்கும் போக? "இதைப் பிடி"ன்னேன். பிடிச்சுச்சு. ரோட்டுல ஒரு டீக்கடை. "ரெண்டு வாயி டீ குடிப்போம்"ன்னேன். வடையப் பாத்ததும் அந்தப் பிள்ளை மூஞ்சி மாறிப்போச்சு. ஒண்ணு தின்னுச்சு, ரெண்டு தின்னுச்சு, தின்னுக்கிட்டே கண்ணுல தண்ணியா ஊத்துது. காலையில இருந்து தின்னாம சுத்திப் பாத்தா அப்படித்தான் ஆகும். டீக்கடைச் சுவத்தப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருக்கேன், முதுகுக்குப் பின்னாடி பொழுது கடலுக்குள்ள விழுந்துருச்சு. கூட்டமே 'ஓ'ன்னு கத்துது. நான் பாக்கல.

என் ஒரு மணி நேரம் அப்படிப் போச்சு.

வினோதினியாம் பேரு. சங்கரன்கோவிலு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. ரூம் கெடையாதுல்ல ஒத்தைப் பிள்ளைக்கு, எனக்குத் தெரியாதா? என்கூட வான்னு ரோஸ்லெட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ரோஸ்லெட்டு அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா, அப்படியே படியில உக்காந்து சிலுவை போட்டுக்கிட்டா. என்னய அடுப்படிக்கு இழுத்துட்டுப் போயி, "அக்கா, இது சாக வந்த பிள்ளை அக்கா"ங்கிறா. எனக்கு வந்துச்சே கோவம்! "உங்க ஊருக்கே இது ஒரு வியாதியாத்தா? ஒத்தையில ஒரு பொம்பள கடல் பாக்கக் கூடாதா? என்னயத்தான் அப்படி நெனச்சீக, அந்தச் சின்னப் பிள்ளையையுமா?"ன்னேன். அவ என் கைய எடுத்து அவ கண்ணுல ஒத்திக்கிட்டா. கிறுக்கு.

நான் அந்தப் பிள்ளைய ஆப்பமாவு கரைக்க விட்டேன், தேங்கா திருக விட்டேன். சும்மா உக்காந்தா மூஞ்சி எப்படியோ போகுது, அதான். அந்தப் பிள்ளை போனு ஓயாம அடிக்குது. எடுக்க மாட்டேங்குது. அடிக்கிற போன எடுக்காம இருக்க என்னால ஆகாது தாயி, முப்பது வருசத்துப் பழக்கம். எடுத்துட்டேன். அங்கிட்டு ஒரு பொம்பளை. "வினோ... யாரு பேசுறீங்க? எம் பிள்ளை... எம் பிள்ளை இருக்காளா?"ங்குது. இருக்காளாவாம்! "இருக்காம்மா, இந்தா தேங்கா திருகிட்டு இருக்கா"ன்னேன். அம்புட்டுத்தான். அந்த அம்மா கத்துன கத்து இன்னும் என் காதுல கெடக்கு. போனு கீழ விழுந்த சத்தம் கேக்குது. பொறவு ஒரு ஆம்பளை எடுத்து, அவரும் அழுகுறாரு. ரோஸ்லெட்டுதான் போன வாங்கி எடத்தச் சொன்னா. கடல் பாக்க வந்த பிள்ளைக்கு இப்படி ஒரு அழுகையா?

ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிப் படுக்க வச்சேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா, காத்துக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும்னு வாசப்படியில குறுக்கப் பாயப் போட்டு நான் படுத்துக்கிட்டேன். தூக்கம் வரல. அலைச்சத்தம்.

விடியுமுன்ன கார்ல வந்துட்டாக. அப்பா, அம்மா, அண்ணன்காரன் ஒருத்தன், சித்தி. அந்த அப்பா காலுல செருப்பு இல்ல தாயி. எறங்கி ஓடி வந்து பிள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை திட்டல, ஒரு கேள்வி கேக்கல. "போதும்த்தா, ஒண்ணும் வேணாம்த்தா, நீ இருந்தாப் போதும்"னு அதையே சொல்றாரு. அந்தம்மா என் காலுல விழப் போயிருச்சு. "ஏம்மா, நான் என்ன செஞ்சேன், அந்தப் பிள்ளைதான் என்னய ஏத்தி விட்டுச்சு"ன்னு தூக்கி விட்டேன். வினோதினி கார்ல ஏறுமுன்ன வந்து என் தோள்ல மூஞ்சிய வச்சு ரொம்ப நேரம் நின்னுச்சு.

கார் போனதும் எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. சொன்னாச் சிரிப்ப. பொறாமை. அந்தப் பிள்ளை மேல எனக்குப் பொறாமை வந்துருச்சு. ஒரு பகலு காணோம்னதும் ஒரு குடும்பமே செருப்புப் போட மறந்து ஓடி வந்துச்சே! நான் நாலு நாளு. எங்க வீட்டுல எனக்காக ஒரு சொட்டு... இல்ல, தப்பாப் பேசக் கூடாது. நான் பத்திரமா இருப்பேன்னு அவுகளுக்குத் தெரியும். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். நல்லதுதான. அதனாலதான் யாரும் அழுகல. இருந்தாலும் தாயி, ஒருத்தராவது, ஒரே ஒரு தடவை, டப்பா எங்கன்னு கேக்காம, நீ எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கலாம். லாட்ஜுக்காரன் கேட்டான். ஆட்டோக்காரன் கேட்டான். அவுக எல்லாம் கேட்டாக. எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு.

என்ன, சாத்தூரா? அதுக்குள்ளயா? ஆமா, எறங்கணும்... கண்டக்டர் தம்பி, இருப்பா, விசிலு அடிக்காத. இல்ல... எறங்கல. மதுரைக்கு ஒண்ணு போடு. ஆமாய்யா, தெரிஞ்சுதான் கேக்குறேன், மதுரைக்கு. திரும்பி வாறதுக்கு வேற பஸ்ஸா இல்ல?

தாயி, இந்தப் போன நீ வச்சுக்கோ. அடிச்சா எடுக்காத, யாரு பேரு வந்தாலும் எடுக்காத. மதுரையில எறங்கும்போது தா போதும். அப்புறம் கொஞ்சம் எந்திரிச்சு வழி விடு, சன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன். வெளிய ஒண்ணும் இல்லதான், மதுரை வரைக்கும் கருவேலங்காடுதான். இருக்கட்டும். ஒரு மணி நேரம். ஒண்ணும் கேக்காத.